காபட்டில் சிந்திய ஆணம்

எங்கள் வீட்டு ஹோலில் கிடக்கிற காபட்டில் மாட்டிறைச்சி ஆணத்தைக் கொட்டியவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யாருடைய முழங்கை கோப்பையில் பட்டது என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவில்லை. ஒருவர் மற்றவரைச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இதையும் சேர்ந்தே எழுதுகிறோம். பதினான்கு மாத வித்தியாசத்தில் பிறந்த இரண்டு தம்பிமார் நாங்கள். எங்களுக்கு மூத்தவர் ஒரே ஒரு ராத்தா. காபட் அவருடையது. வீடும் அவருடையதுதான். அது எப்படி என்று பிறகு சொல்கிறோம்.

ஆணம் என்றால் எங்கள் ஊரில் குழம்பு. காபட் என்றால் எங்கள் ஊரில் முதலில் ரோடு. கல்முனைப் பக்கம் யாராவது "காபட் போட்டாச்சு" என்று சொன்னால் ஒழுங்கைக்குத் தார் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், தேர்தல் வரப்போகிறது என்றும் அர்த்தம். நாங்கள் சொல்வது அந்தக் காபட் இல்லை. தரையில் விரிக்கிற கம்பளம். ஆனால் இரண்டும் ஒரே எண்ணெயின் பிள்ளைகள்தான் என்பது இந்தக் கறையைக் கழுவப் போய்த்தான் எங்களுக்குத் தெரிந்தது.

2023ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை இருக்கும். ஒலுவில் கம்பஸில் படிக்கிற கூட்டாளிமாரும் கொழும்பில் வேலை செய்கிறவர்களும் ஊரில் நின்றார்கள். சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு. ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்தோம். உம்மா குசினிக்குள் இருந்தபடியே, "சுப்ராவ விரிச்சிட்டுச் சாப்பிடுங்கடா" என்று இரண்டு தரம் சொன்னார். "கவனமாச் சாப்பிடுவம் உம்மா" என்று நாங்கள் இரண்டு தரம் சொன்னோம். மூன்றாம் தரம் உம்மா சொல்ல முதலே கோப்பை சரிந்துவிட்டது. ஒரு சாப்பாட்டுப் பீங்கான் அளவுக்கு, ஹோலின் நட்டநடுவில், வாசலால் வருகிற யாருடைய கண்ணும் முதலில் விழுகிற இடத்தில்.

அடுத்த வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு ராத்தாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று புரியாமல் இருக்கலாம். எங்கள் கரையோரத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குச் சீதனம். உம்மாவும் வாப்பாவும் ஒரு வளவுக்குள் சின்னதாக இன்னொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு கட்டத் தொடங்குவார்கள். முஸ்லிம்களும் தமிழர்களும் இந்தப் பக்கத்தில் இரண்டு பேருமே இப்படித்தான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வருடக்கணக்காகத் தங்கி ஆராய்ந்து, 2008இல் வந்த தன் புத்தகத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நாங்கள் வாசிக்காமலே தெரிந்து வைத்திருந்த பாடம் அது. எங்கள் ஊரில் ஒரு ஆண் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், அவன் படுத்தெழும்புகிற வீடு அவனுடையது இல்லை, ராத்தாவுடையது அல்லது தங்கச்சியுடையது என்று பத்து வயதிலேயே சொல்லுவான்.

எங்கள் பழைய வீட்டை 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்துக்கொண்டு போனது. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடற்கரையோரம் இருந்த அநேகமான வீடுகளின் கதை அதுதான். பிறகு கொஞ்சம் உதவியும் கொஞ்சம் கடனுமாக இந்த வீடு எழும்பியது. கடனை அடைக்க வாப்பா 2006இல் குவைத்துக்கு ஹவுஸ் டிரைவராகப் போனார். சுவர் பூசியது ஒரு வருடத்துக் காசு. தரைக்கு டைல்ஸ் போட்டது இன்னும் இரண்டு வருடத்துக் காசு. 2017இல் கார்கோவில் இந்தக் காபட் வந்தது. சிவப்பில் பொன்னிறப் பூ. வாப்பா அதோடு ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தார்: "இது மகளுக்கு. துருக்கிக் காபட். நல்லது." உம்மா அதை இரண்டு வருடம் பொலித்தீன் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். வாப்பா 2019இல் ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகுதான் விரித்தோம்.

அதுவரை எங்கள் வீட்டில் கிடந்தது பன்பாய். பன்புல்லை வெட்டிக் காயவைத்துச் சாயம் போட்டுப் பாய் இழைப்பது எங்கள் ஊர்ப் பெண்களின் கைவேலை. பாயில் ஆணம் சிந்தினால் ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் போட்டு, பின்னேரம் எடுத்து விரிப்போம். யாரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. காபட் வந்த பிறகுதான் "கறை" என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அன்று இரவு நாங்கள் செய்த பிழைகளை வரிசையாகச் சொல்கிறோம். யாருக்காவது உதவும்.

முதல் பிழை, பதறிப்போய் ஈரத்துணியால் தேய்த்தது. தண்ணீர் எண்ணெயோடு சேராது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். படித்தது கைக்கு வரவில்லை. தேய்க்கத் தேய்க்க மேலே நின்ற எண்ணெய் நூலின் அடிக்குள் இறங்கியது. பீங்கான் அளவு சஹன் அளவாகியது.

இரண்டாம் பிழை, சோப் பவுடரைத் தூவியது. மஞ்சளாக இருந்த கறை எங்கள் கண் முன்னாலேயே செங்கல் நிறமாக மாறியது. கூட்டாளிமாரில் ஒருவன், "மச்சான், இது ரத்தம் மாதிரி வருது" என்று எழும்பிவிட்டான். அது மாயமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தைத் தொட்டால் சிவக்கும். சோப் பவுடர் காரம். வெள்ளை வேட்டியில் ஆணம் தெறித்து அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய யாரும் அந்தச் சிவப்பைப் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் தேசிக்காய்ப் புளியைத் தொட்டால் மறுபடி மஞ்சளுக்கு வரும். எங்களுக்கு அப்போது அது தெரியாது.

மூன்றாவதைப் பிழை என்று சொல்வது போதாது. கூட்டாளிமாரை வழியனுப்புகிறோம் என்று நாங்கள் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டோம். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது ஹோலில் லைட் எரிந்துகொண்டிருந்தது. உம்மா முழங்காலில் இருந்து பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். மூட்டு வலிக்காரி. தொழும்போதே கதிரையில் இருந்து தொழுகிறவர். பக்கத்தில் ராத்தா வாளியோடு. எங்களைப் பார்த்து அவர் ஒன்றும் ஏசவில்லை. "கொட்டுறது நீங்க, தேய்க்கிறது நாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் செய்தி ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. எங்கள் ஒழுங்கையில் காபட் டொக்டர்கள் எத்தனை பேர் என்று அன்றுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமி, "மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைங்க, எண்ணெய எண்ணெயாலதான் எடுக்கணும்" என்றார். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மண்ணெண்ணெய் காபட்டின் அடியில் உள்ள பசையை இளக்கும், மணம் மாதக்கணக்கில் போகாது, நெருப்புக்கும் பயம். சாச்சி, "கடதாசியப் போட்டு மேலால அயர்ன் பண்ணுங்க, எண்ணெய் கடதாசிக்கு ஏறும்" என்றார். கடைக்காரக் காக்கா வினாகிரி என்றார். ஒருவர் ஷாம்பு என்றார். இன்னொருவர், "என்னத்துக்குக் கஷ்டம், புதுசு ஒண்ட வாங்குங்க" என்றார். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குத் தாவிய பிறகு, அந்த அளவில் ஒரு காபட்டின் விலையைக் கேட்டுவிட்டு வாப்பா திரும்பி வந்து ஒரு சொல்லும் கதைக்காமல் பிளேன்டீ குடித்தார்.

அயர்ன் பண்ணுகிற யோசனையைச் செய்யாமல் எங்களைத் தடுத்தவர் மருதமுனையில் இருக்கிற ஒரு மாமா. உம்மாவின் சொந்தக்காரர். கைத்தறிக்குப் பேர்போன ஊர் மருதமுனை. அவரும் இளம் வயதில் தறியில் இருந்தவர். காபட்டைப் பார்க்க வந்தவர் கறையைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் எழும்பி நின்ற ஒரு நூலைப் பிடுங்கி, முற்றத்துக்குக் கொண்டுபோய், லைட்டரால் கொளுத்தினார். நூல் சுருண்டு உருகிச் சொட்டியது. மெழுகுதிரி அணைந்த மணம் வந்தது. ஆறியதும் கல்லு மாதிரி ஒரு மணி.

"கம்பளியெண்டா மயிர் கருகிற மணம் வரும் மனே. பருத்தியெண்டா கடதாசி எரியிற மணம். இது பிளாஸ்டிக். அயர்ன வெச்சீங்கெண்டா கறையோட காபட்டும் அயர்ன்ல ஒட்டிக்கிட்டு வரும்."

பிறகுதான் காபட்டைத் திருப்பி மூலையில் தைத்திருந்த லேபலைப் பார்த்தோம். துருக்கி என்பது பொய்யில்லை. துருக்கியில் காசியான்டெப் என்ற நகரம் இயந்திரக் காபட்டுகளுக்கு உலகப் பேர்போனது. அதற்குக் கீழே 100% பொலிப்ரொப்பிலீன் என்று எழுதியிருந்தது. இவ்வளவு காலமும் யாரும் அதை வாசிக்கவில்லை.

பொலிப்ரொப்பிலீன் பெற்றோலியத்திலிருந்து வருகிற பிளாஸ்டிக். ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். பருத்திக்கு வைக்கிற அயர்ன் சூடு 200ஐத் தொடும். மாமா சொன்னது சரி. அந்த நூலுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரை அது குடிக்காது. அதனால் தேத்தண்ணியோ ஜூஸோ சிந்தினால் லேசில் துடைத்துவிடலாம், கடைக்காரர்கள் "கறை பிடிக்காத காபட்" என்று விற்பது அதனால்தான். ஆனால் எண்ணெயைக் கண்டால் விடாது, கட்டிப் பிடித்துக்கொள்ளும். தானே எண்ணெயிலிருந்து வந்தது, பிறகு எப்படி விடும்?

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கப்பல் ஞாபகம் வந்தது. 2020 செப்டம்பர் 3ஆம் திகதி, எங்கள் அம்பாறை மாவட்டத்தின் தெற்கே, திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் உள்ள சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் ஆழ்கடலில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்தின் மினா அல் அஹ்மதி துறைமுகத்தில் ஏற்றிய சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயை இந்தியாவின் பரதீப்புக்குக் கொண்டுபோன கப்பல். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இறந்தார். மற்ற 22 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க எங்கள் கரைவலைக்காரர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குவைத்தில் பதின்மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த வாப்பாவும் கடற்கரைக்குப் போய் நின்றார். அங்கிருந்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் நின்றார்.

மசகு எண்ணெய் கடலில் கலக்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். கப்பல் ஓடுவதற்கான டீசல் மட்டும் கசிந்து படலமாக மிதந்தது. அந்தப் படலத்தின் மேல் இந்தியக் கரையோரக் காவல்படையின் விமானம் ஒரு மருந்தைத் தெளித்தது. அந்த மருந்தின் வேலையும் உங்கள் குசினியில் பாத்திரம் கழுவுகிற திரவத்தின் வேலையும் ஒன்றுதான். அதன் மூலக்கூறுக்கு இரண்டு நுனி. ஒன்று எண்ணெயைப் பிடிக்கும், மற்றது தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு போகவைக்கும். எண்ணெயில் தோய்ந்த கடற்பறவைகளைக் கழுவுவதும் அப்படியான திரவத்தால்தான். கடலில் எண்ணெய் சிந்தினால் அதை உறிஞ்சப் போடுகிற வெள்ளை விரிப்புகளும் மிதவைகளும் அநேகமாக எதனால் செய்தவை தெரியுமா? பொலிப்ரொப்பிலீன் நூலால்.

எண்ணெயைப் பிடிப்பதற்கென்றே உலகம் பயன்படுத்துகிற நூலை ஹோலில் விரித்து, அதன் மேல் இருந்து நாங்கள் மாட்டிறைச்சி ஆணம் சாப்பிட்டிருக்கிறோம்.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினோம். இந்த முறை உம்மாவை விடவில்லை. பாத்திரம் கழுவுகிற திரவத்தை வெதுவெதுப்பான தண்ணியில் கலந்து ஒற்றி ஒற்றி எடுத்தோம். செவ்வாயும் செய்தோம். புதன் இரவு பார்த்தால் கறையைக் காணவில்லை. ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டோம். உம்மாவுக்கு போட்டோ எடுத்துக் காட்டினோம், அவர் பக்கத்தில்தான் நின்றார்.

வியாழன் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் கறை திரும்பி வந்திருந்தது. முந்தினதை விட மங்கல், ஆனால் அதே இடம், அதே வட்டம்.

இதற்கும் காரணம் இருக்கிறது. நாங்கள் கூடுதலாகத் தண்ணி ஊற்றியிருந்தோம். மேல் நூல் சுத்தமாகியது, அடியில் இறங்கிய எண்ணெயும் சோப்பும் அங்கேயே கிடந்தன. காபட் காயும்போது ஈரம் நூல் வழியாக மேலே ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. ஏறும்போது கீழே கிடந்ததையும் கொண்டுவந்து நுனியில் வைத்துவிடும். கறை போகவில்லை, இறங்கி இருந்தது. அவசரத்தில் வேலை செய்தால் நடப்பது அதுதான்.

ஒரு நாள்தான் மிச்சம். வாப்பா ஒரு முடிவுக்கு வந்தார். டீப்போவை இழுத்துக் கறைக்கு மேல் வைத்து, அதில் பிளாஸ்டிக் பூச்சாடியையும் வைத்தார். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அறையிலிருந்து வந்த ராத்தா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வாப்பா, இந்த ஊடு எனக்கா எழுதப்போறீங்க?"

"ஓம் மகள்."

"அப்ப டீப்போவ எடுங்க. வாறவங்க இருந்து சாப்பிடத்தானே வாறாங்க. அவங்கட ஊட்டுல ஆணம் கொட்டினதே இல்லையாமா?"

வாப்பா எங்களைப் பார்த்தார். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். டீப்போ பழைய இடத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். நல்ல மனிசர்கள். கறையை எல்லாரும் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் உம்மம்மா மட்டும் காலால் தடவிப் பார்த்து, "எண்ணெயா மகள்? எங்கட ஊட்டுலயும் கிடக்கு" என்றார். அந்த நிமிசத்தில் எங்கள் உம்மாவின் தோள் இறங்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு கிழமையாக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கறையால் அந்தக் கலியாணம் நிற்கவில்லை. அதுவும் நின்றது. ஆனால் காரணம் வேறு. வீடு போதாது, கையில் காசும் வேண்டும் என்று இரண்டு நாள் கழித்து ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். கைக்கூலி. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. பெண்ணின் பயன்பாட்டுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கிற பணம் அல்லது பொருள் என்றுதான் சட்டம் அதற்கு விளக்கம் சொல்கிறது. பெண்ணின் பயன்பாட்டுக்காக! எங்களுக்குத் தெரிந்த எத்தனை கைக்கூலி மோட்டார் சைக்கிளாகவும் கடைக்கு முதலாகவும் மாறியிருக்கிறது என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லலாம்.

வாப்பா கணக்குப் பார்க்கத் தொடங்கினார். மோட்டார் சைக்கிளை விற்றால், உம்மாவின் வளையலை வைத்தால் என்று. ராத்தா வேண்டாம் என்றார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "பதிமூணு வருசம் நீங்க எங்களோட இருக்கல்ல வாப்பா. அதுக்கு மேல ஒண்டும் நான் குடுக்கமாட்டன்." வாப்பா அன்று இரவு இஷாவுக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

ஒரு விஷயத்தை நாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கிழமை முழுக்க நாங்கள் கறையைக் கழுவியது காபட்டுக்காக இல்லை. யாரோ வந்து பார்த்து விலை சொல்லப்போகிறார்கள் என்ற பயத்தில் கழுவினோம். ஒரு பீங்கான் அளவு எண்ணெய் எங்கள் ராத்தாவின் விலையைக் குறைத்துவிடும் என்று நம்பியவர்கள் பட்டியலில் நாங்களும் இருந்தோம். கைக்கூலிக்கு எதிராக எங்கள் பக்கத்தில் எத்தனை போஸ்ட் போட்டிருப்போம்! டீப்போவை இழுத்து வைத்தபோது ஆளுக்கொரு பக்கம் பிடித்ததும் நாங்கள்தான்.

அவர்கள் விஷயம் முடிந்த பிறகுதான் காபட்டை ஒழுங்காகக் கழுவினோம். இனி யாரும் வரப்போவதில்லை, அவசரமும் இல்லை. செய்ததை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் காபட்டின் ஒரு மூலையில் எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தோம், நிறம் போகிறதா என்று. ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவுகிற திரவம், அதற்கு மேல் இல்லை. கூடுதலாகப் போட்டால் சோப் நூலில் தங்கி, ஊத்தையை இழுத்து, கறுப்பாக இன்னொரு கறை வரும். தண்ணியைக் காபட்டில் ஊற்றாமல் வெள்ளைத் துணியில் நனைத்துப் பிழிந்து வைத்தோம். பத்து நிமிசம் விட்டோம். பிறகு காய்ந்த வெள்ளைத் துணியால் வெளி ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றினோம். தேய்க்கவே இல்லை. துணியில் மஞ்சள் ஏறியதும் அடுத்த துணி. வாப்பாவின் பழைய பெனியன் நாலு அதில் போனது. அதன் பிறகு வெறும் தண்ணியில் நனைத்த துணியால் சோப்பை எடுத்தோம். கடைசியில் மடித்த துவாயைக் கறைக்கு மேல் வைத்து, அதற்கு மேல் பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் படுத்தோம். காயும்போது மேலே ஏறுகிற எண்ணெய் இப்போது நூல் நுனியில் நிற்காமல் துவாய்க்குள் போனது. காலையில் துவாயில் வட்டமாக மஞ்சள். அதைப் பார்த்தபோது வந்த சந்தோசத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்படி நாலு இரவு. எண்ணெய் போய்விட்டது, மஞ்சளின் சாயல் மட்டும் நின்றது. குர்குமின் தண்ணியில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சம் கிடந்த சேர்ஜிகல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு ஒற்றினோம், அடுப்புக்குத் தூரமாக, ஜன்னலைத் திறந்துவிட்டு. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது. காபட்டை இரண்டு நாள் காலை வெயிலில் மதிலில் போட்டோம். நாள்கணக்கில் போடக்கூடாது, பிளாஸ்டிக் நூல் உக்கும். இரண்டாம் நாள் பின்னேரம் மாமி எட்டிப் பார்த்து, "எங்க அந்தக் கறை?" என்றார். சாய்வாக வெளிச்சம் விழுந்தால் இப்போதும் ஒரு மங்கலான வட்டம் தெரியும். எங்களுக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிறோம்.

இப்போது சிந்தியவுடன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், ஒரு சொட்டுத் தண்ணியும் படவிடாதீர்கள். கரண்டியால் வழித்து எடுங்கள். கோன் ஃப்ளவரோ குழந்தைப் பவுடரோ, எது கையில் இருக்கிறதோ அதைக் கனமாகத் தூவி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். மா எண்ணெயைக் குடித்துக் கட்டியாகும். அதைக் கூட்டி எடுத்துவிட்டுப் பிறகு மேலே சொன்ன வேலை. அநேகமாக அன்றைக்கே முடிந்துவிடும். எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கத் தெரியாததால்தான் பதினைந்து நாள் போனது.

ராத்தா இப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார். வருகிற மாப்பிள்ளைப் பேச்சுகளில் முதல் கேள்வியை அவரே கேட்கிறார், கைக்கூலி எடுப்பீர்களா என்று. அதனாலேயே பல பேச்சு வாசலோடு திரும்பிப் போகிறது. உம்மாவுக்குக் கவலைதான். எங்களிடம் சொல்லி ஆறுவார். வீட்டில் ஒரு சட்டமும் வந்திருக்கிறது: கொட்டியவர் கழுவ வேண்டும். உம்மா வாளியைத் தொடக்கூடாது.

போன நோன்பில் ஒரு நாள் நோன்பு திறக்கும்போது வாப்பாவின் கையிலிருந்த ரோல்ஸ் நழுவி, எண்ணெய்ப் பக்கம் கீழாகக் காபட்டில் விழுந்தது. எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம். உம்மா பழக்கத்தில் எழும்பப் போனார். ராத்தா அவருடைய கையைப் பிடித்து இருக்க வைத்தார். வாப்பா கொஞ்ச நேரம் எங்கள் எல்லாரையும் பார்த்தார். பிறகு தானே எழும்பிக் குசினிக்குள் போனார். உள்ளேயிருந்து அவருடைய சத்தம் கேட்டது:

"அந்த கோன் ஃப்ளவர் பக்கெட் எங்க கிடக்கு?"